மோதிரம் போட்ட சத்தம்

அத்தையிடம் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று கைப்பைக்கு, இன்னொன்று வாய்க்கு. கைப்பைக்குள் பயணத்துக்காக மாற்றிய வெளிநாட்டுப் பணம் மொத்தமும் இருந்தது. வாய்க்குள் எப்போதும் ஏதாவது ஒரு துப்பு இருக்கும். இரண்டையும் அவராக மனமிரங்கித் திறந்தால்தான் உண்டு. கெஞ்சினாலும் கூத்தாடினாலும் நடக்காது.

இதை நன்றாக அறிந்தவர் அவருடைய மாப்பிள்ளை. பெண்ணைக் கட்டிக்கொண்ட கையோடு மாமியாரின் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளராகவும் ஒட்டிக்கொண்டவர். அதற்கு முன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஊரே செல்போனில் தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் கடையை இழுத்து மூடிவிட்டார். முன்பு சிரிக்கிறவர்களைப் படமெடுத்தேன், இப்போது ஒளிகிறவர்களை எடுக்கிறேன், ரெண்டு கோஷ்டியும் பணம் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது என்பார்.

கூட்டாளியின் பணத்தோடு கம்பி நீட்டிய ஒருவனைத் தேடி, டூர் கோஷ்டியோடு கோஷ்டியாக இருவரும் இந்த வெளிநாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆளைப் பிடித்தாயிற்று. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. பெட்டிகள் ஹோட்டல் வரவேற்பறைக்கு இறங்கிவிட்டன, பஸ் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை நிம்மதியாகக் காபிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, கோஷ்டியோடு வந்திருந்த ஜவுளிக்கடை அம்மாவின் குரல் கட்டடத்தையே உலுக்கியது. மோதிரத்தைக் காணோம்.

சாதாரண மோதிரமில்லை. முதல் கடை திறந்த நாளில் அவருடைய கணவர் விரலில் போட்டுவிட்ட வைர மோதிரம். காலையில் முதல் ஆளாக ஹோட்டலின் பியூட்டி பார்லருக்குப் போய் முகத்துக்குப் பூச்சும் கைக்கு மசாஜும் செய்துகொண்டாராம். அப்போது கழற்றியது. நேரே வந்து டிபன் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் விரல் வெறிச்சோடிக் கிடப்பதைக் கவனித்தாராம்.

"முகத்துல சுண்ணாம்பு அடிச்சாங்க, விரலை வெள்ளையடிச்சுட்டாங்க" என்று மாப்பிள்ளை மெல்ல முணுமுணுத்தார்.

அத்தை முறைத்தார். இந்த டூர் முழுக்க, பார்லருக்குப் போகும் பெண்களை மாப்பிள்ளை ஓட்டாத நாளில்லை. கடல் தாண்டி வந்து, காசையும் கொடுத்து, யாரோ ஒருவரைக் காலைப் பிடிக்கச் சொல்வதா என்று கேட்டுக் கேட்டே ஜவுளிக்கடை அம்மாவோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவர் அவர். இன்று காலை அவருக்கே நேரம் சரியில்லை. கேமராவின் சார்ஜரைத் தேடுகிறேன் என்று எங்கேயோ சுற்றிவிட்டு, எல்லோரும் கை கழுவுகிற நேரத்துக்கு வந்து, ஆறிப்போன ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, எங்கே போனாலும் ரப்பர் செருப்பில் தேய்த்து நடக்கிறவர் இன்று ஷூவும் சாக்ஸுமாக இருந்தார். கேட்டதற்கு, விமானத்தில் ஷூ போட்டவனுக்குத்தான் ரெண்டாவது காபி தருகிறார்கள் என்றார்.

பார்லரை நோக்கி நடக்கும்போது மாப்பிள்ளை திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"பார்லர்ல வேலை செய்யற அந்தம்மா எடுத்திருக்க மாட்டாங்க அத்தை."

"எப்படிச் சொல்றீங்க?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

பார்லர் கதவு மூடித்தான் இருந்தது. அத்தை கதவையும் பார்த்தார், மாப்பிள்ளையையும் பார்த்தார். எந்த முகத்தை என்று கேட்டார். பொதுவாக உழைக்கிறவர்கள் முகத்தைச் சொன்னேன் என்று மாப்பிள்ளை மழுப்பிவிட்டு, பார்லரின் பின்பக்கம் கை கழுவும் தொட்டிக் குழாயைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று அத்தை சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டார். இவ்வளவு சுறுசுறுப்பை அத்தை அவரிடம் கண்டதில்லை.

உள்ளே ஹோட்டல் மேனேஜர் கோபத்தில் நின்றுகொண்டிருந்தார். சாய்வு நாற்காலி, நீளக் கண்ணாடி, கால் ஊறவைக்கும் தொட்டி, ஈரத் துண்டுகளின் எலுமிச்சை வாசனை. சுவரோரம் பார்லர்க்காரப் பெண், ஏப்ரன் பைகள் இரண்டும் வெளியே பிதுங்கித் தொங்க, விறைப்பாக நின்றாள். மேனேஜரும் அவளும் நம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் அவர் அவளிடம் பேசிய தோரணையில் அந்த உறவு துளியும் இல்லை. மோதிரம் கிடைக்கவில்லை, ஆனால் அவள் பையில் இது கிடைத்தது என்று ஒரு நோட்டை அத்தையிடம் நீட்டினார்.

நம் ஊர் நோட்டு. பெரியது. யாரோ அதை மடித்து மடித்துச் சின்னப் பொட்டலமாக்கி வைத்திருந்து, பிறகு பிரித்திருந்தார்கள். கட்டம் கட்டமாக மடிப்புத் தடம், ஒரு மூலையில் மட்டும் குறுக்காக ஒன்று. அந்த மடிப்பை எங்கேயோ பார்த்ததுபோல் அத்தைக்கு இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

மேனேஜர் விதியை ஒப்பித்தார். முடிவெட்டோ மசாஜோ கால் தேய்ப்போ, எதுவானாலும் வரவேற்பு மேஜையில் இந்த நாட்டுப் பணத்தில் கட்டி ரசீது வாங்க வேண்டும். பார்லரில் வேலை செய்பவர் வேற்று நாட்டு நோட்டைக் கையால் தொடக் கூடாது. ரசீது இல்லாமல் இந்த நோட்டு இவள் பைக்குள் வந்ததென்றால், யாருடைய பர்ஸிலிருந்து வந்தது? பர்ஸில் கை வைத்தவளுக்கு மோதிரம் எம்மாத்திரம்? அவளுடைய வேலை அனுமதி ஹோட்டல் பேரில்தான் இருக்கிறது, ரத்து செய்துவிட்டேன் என்றால் மாலை விமானத்தில் ஏற வேண்டியதுதான் என்று முடித்தார். அவளுடைய துணிப்பை ஏற்கெனவே கட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தது.

அத்தை அவளைப் பேச வைத்தார். வீட்டுக்காரர் இல்லை, ஒரே பெண், நர்ஸிங் கடைசி வருஷம், அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். இந்த வேலை போனால் அவள் படிப்பும் போச்சு. இதைச் சொல்லும்போது மட்டும் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. இவள் எடுத்திருக்க மாட்டாள் என்று அத்தைக்கும் பட்டது, ஆனால் படுவதை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் வாதாட முடியாது.

"இந்த நோட்டு யார் கொடுத்ததும்மா?"

"வேலை செஞ்சதுக்கு ஒருத்தர் கொடுத்தாரு. யாருன்னு வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அத்தை, குழாயைக் கழற்றியாச்சு. உள்ளே முடிதான் இருக்கு. எடுத்து வைக்கவா, எனக்கே பத்தலை."

பார்லர்க்காரப் பெண் குரல் வந்த திசையைப் பார்த்தாள். பிறகு அத்தையை உச்சி முதல் பாதம் வரை அளந்தாள். அவ்வளவு கஷ்டத்திலும் அவள் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"உங்ககிட்ட கண்டிப்பா முடியாதும்மா."

அத்தைக்குச் சுருக்கென்றது. எத்தனையோ திருடர்கள் அவரிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைத்தபடி வெளியே வந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை ஓடிவந்தார். மேனேஜர் உள்ளே என்ன காட்டினார் என்று கேட்டார். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்கிறேன் என்று அத்தை வாயைப் பூட்டினார். இது அவர் தொழில் தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். துப்பு என்பது கடைசியில், நாலு பேர் கூடியிருக்கும்போது அவிழ்க்க வேண்டிய சரக்கு; உதவியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் என்ன சுவை இருக்கிறது?

"நீங்க சொல்றதுக்குள்ள நானே குற்றவாளியா ஆயிடுவேன் போலிருக்கு" என்றார் மாப்பிள்ளை.

வரவேற்பறை சோபாவில் ஜவுளிக்கடை அம்மா துவண்டு கிடந்தார். மோதிரத்தை எங்கே வைத்தீர்கள் என்று அத்தை கேட்டார். நாற்காலிக்குப் பக்கத்துக் கிண்ணத்தில்தான், நகைக்கென்று ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்களே என்றார் அவர். பார்த்து வைத்தீர்களா என்றதற்கு, கண்ணுக்கு மேல் வெள்ளரித் துண்டை அடுக்கிவிட்ட பிறகு எதைப் பார்ப்பது, கையைத் துழாவித்தான் போட்டேன் என்றார்.

"ஆனா கிண்ணத்துலதான் போட்டேன். சத்தியமா. ணங்குன்னு சத்தம் கேட்டுதே."

அத்தை எழுந்துவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் பார்லருக்கு விரைந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே வர, பஸ்ஸில் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரைத் துரத்திவிட்டார். துரத்தப்பட்டவர் முகம் வாடியதை அத்தை கவனிக்கவில்லை.

நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் நகைக் கிண்ணம் இருந்தது. கீறல் விழாமலிருக்க உள்ளே தடிமனாகப் பஞ்சு விரித்திருந்தது. அத்தை தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, மேனேஜரின் கண்ணெதிரே அதில் போட்டார். பூனை நடந்ததுபோல் ஒரு சத்தமும் இல்லை.

"அந்தம்மாவுக்கு ணங்குன்னு கேட்டிருக்கு" என்றார் அத்தை.

மேஜையின் மறுகோடியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அதே அளவில் இன்னொரு கிண்ணம். எவர்சில்வர். காலியாக இருந்தது. அத்தை மோதிரத்தை அதில் போட்டதும் ணங்கென்றது. காலையில் இதில் என்ன இருந்தது என்று பார்லர்க்காரப் பெண்ணைக் கேட்டார்.

ஊர்ச் சில்லறை என்றாள் அவள். டூர் முடிந்து கிளம்புகிறவர்கள் பர்ஸின் அடியில் கிடக்கும் நம் ஊர் நாணயங்களை இனாமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். பணம் மாற்றுகிற கடைக்காரன் நோட்டைத்தான் வாங்குவான், நாணயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எனவே கிண்ணத்தில் சேர்த்து வைப்பாள், லீவில் போகும்போது மகளின் உண்டியலுக்கு எடுத்துப் போவாள். இன்று காலை, எல்லோரும் டிபன் சாப்பிடும் நேரத்தில் வந்தவரிடம் அந்தப் பெரிய நோட்டைத் தவிர வேறு பணமில்லை. மீதி கொடுக்க இவளிடமும் வேறு வழியில்லை.

"அவருக்கு ஒரே அவசரம். கிண்ணத்தை அப்படியே கவர்ல கவிழ்த்து..." என்றவள் பாதியில் நிறுத்தி வாயில் கை வைத்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

மோதிரம் நாணயங்களோடு நாணயமாகப் போயிருக்கிறது. நோட்டுக்காரர் யாரோ, அவரிடம்தான் இருக்கிறது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம், தெரிந்து கமுக்கமாகவும் இருக்கலாம்.

"அம்மா, இனிமே மறைக்கறதுல அர்த்தமில்ல. அவர் வேற யாருமில்ல..."

அத்தை கையைத் தூக்கித் தடுத்தார். "வேணாம். நீ கொடுத்த வாக்கு உன்னோடயே இருக்கட்டும். மீதியை நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

அவள் என்னவோ சொல்ல வந்தாள். அத்தை கேட்டால்தானே. அவர் வீராவேசமாக வாசலுக்கு வந்துவிட்டார்.

சில்லறை சுமக்கிறவர் சத்தமில்லாமல் பஸ் ஏற முடியாது என்பது அவர் கணக்கு. வாய்விட்டுக் கேட்டால் கள்ளன் உஷாராகிவிடுவான். பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, காதைத் தீட்டிக்கொண்டார். எதைத் தேடுகிறோம் என்று மாப்பிள்ளை மறுபடி கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றார் அத்தை. ஒருவரிடம் சாவிக்கொத்து கிலுங்கியது, இன்னொருவரிடம் மாத்திரை டப்பா. அத்தை இருவரையும் ஓரங்கட்டிச் சோதித்து அசடு வழிந்ததுதான் மிச்சம். கோஷ்டி மொத்தமும் ஏறிவிட்டது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பார்லர்க்காரப் பெண் துணிப்பையோடு வந்து நின்றாள். அத்தைக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. தோற்றால் தனக்கு ஒரு கேஸ் போகும். இவளுக்கு மகளின் வருஷமே போகும்.

பஸ்ஸின் பின்பக்கம் மாப்பிள்ளை, ஹோட்டலில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவரை வைத்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் பெட்டி தூக்கியவர் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளை தன் சட்டைப் பையைத் தடவினார். இந்த நாட்டுப் பணம் மொத்தமும் அத்தையின் கைப்பையில். ஒரு டீ குடிக்க வேண்டுமென்றாலும் மாமியாரிடம் கை நீட்ட வேண்டிய நிலைமை. எனவே தோளில் தொங்கிய பஞ்சு வைத்த கேமராப் பையைத் திறந்து, உள்ளிருந்த கவரிலிருந்து ஒரு கை அள்ளிப் பெட்டி வண்டியின் தகட்டின்மேல் தாராளமாகப் போட்டார்.

ணங், ணங், ணங்.

"சார், ஊர் நாணயத்தை இங்க எவனும் மாத்த மாட்டான்" என்று பெட்டி தூக்குகிறவர் சங்கடத்தோடு சொன்னார். "இது பார்லர் அக்கா கிண்ணத்துக்குத்தான் ஆகும்."

அத்தை மெல்லத் திரும்பினார். அந்த மடிப்பை எங்கே பார்த்தோம் என்பது அப்போதுதான் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கட்டம் கட்டமாக மடித்து மூலையைக் குறுக்கே செருகுவது அவருடைய சொந்தக் கைவேலை. மகள் பள்ளிக்கூடம் போகும்போது பென்சில் டப்பாவில் அப்படித்தான் நோட்டை ஒளித்துக் கொடுப்பார். மகள் கல்யாணமான பிறகு அதே மடிப்பைப் புருஷனின் செல்போன் உறைக்குள் ஆபத்துக்கு உதவும் என்று செருகியிருக்கிறாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட அத்தைக்கு, மாப்பிள்ளை என்ற மரியாதை கண்ணை மறைத்துவிட்டது.

"மாப்பிள்ளை, அந்தக் கவரைக் கொஞ்சம் கவிழ்த்துக் காட்டுங்க."

கவிழ்த்தார். நாணயக் குவியலின் நடுவே வைரம் பளபளத்தது. பஸ் ஜன்னல்களில் அத்தனை தலைகளும் முளைத்துவிட்டன. ஜவுளிக்கடை அம்மா இறங்கி ஓடிவந்தார்.

"குதிகால் வெடிப்பு, அத்தை" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு. "நடக்கவே முடியலை. இத்தனை நாள் எல்லாரையும் கிண்டல் பண்ணிட்டு உங்ககிட்ட வந்து காலைத் தேய்க்கக் காசு கொடுங்கன்னு எப்படிக் கேட்கறது? மோதிரம் இதுல இருக்கும்னு சத்தியமா தெரியாது. அந்தம்மா பையில ஒரு நோட்டு அகப்பட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அங்கேயே ஒத்துக்கிட்டிருப்பேனே."

அத்தைக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காபி ஆறுவதற்குள் முடிந்திருக்க வேண்டிய விஷயம். நாலு பேர் முன்னால் அவிழ்க்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு பெண்ணைத் துணிப்பையோடு வாசல் வரை வரவிட்டுவிட்டார். இப்போது நாலு பேர் முன்னால்தான் அவிழ்ந்திருக்கிறது.

"பின்பக்கத்துலேர்ந்து அத்தைன்னு கூப்பிட்ட குரலைக் கேட்டதுமே நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சும்மா" என்றாள் பார்லர்க்காரப் பெண். "யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. அதுலயும் எங்க அத்தைக்குத் தெரிஞ்சுதுன்னா நான் செத்தேன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு."

ஜவுளிக்கடை அம்மா மோதிரத்தைப் போட்டுக்கொண்ட கையாலேயே அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மேனேஜர் மட்டும் விதி விதி என்று இழுத்தார். வேற்று நாட்டு நோட்டை வாங்கியது வாங்கியதுதானே?

அத்தை கைப்பையின் பூட்டைத் திறந்தார். வரவேற்பு மேஜைக்கு நடந்து, இந்த நாட்டுப் பணத்தை எண்ணாமல் எடுத்து வைத்தார். "ஒரு ஜோடி காலுக்கு. ரசீது போடுங்க. நோட்டு அடகாத்தான் இருந்தது, நான் மீட்டுக்கறேன்."

ரசீதைக் கிழித்துக் கொடுத்த மேனேஜர், உள்ளே போய் வேலையைப் பார் என்று அவளிடம் சொன்னார். நாணயங்கள் கிண்ணத்துக்குத் திரும்பின. பார்லர்க்காரப் பெண் துணிப்பையை அவிழ்த்து ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜவுளிக்கடை அம்மா தன் பர்ஸின் அடியிலிருந்ததையும் கிண்ணத்தில் கொட்டினார். பெட்டி தூக்கியவருக்கும் அத்தை செலாவணியாகிற பணமாகக் கொடுத்தார்.

பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் அத்தை, பக்கத்தில் மாப்பிள்ளை. ஜவுளிக்கடை அம்மா பின்சீட்டிலிருந்து, மாப்பிள்ளைத் தம்பி காலை இப்படி நீட்டுங்கள், பளபளப்பைப் பார்க்கலாம் என்றார். பஸ்ஸே சிரித்தது. மாப்பிள்ளை ஷூவைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அத்தை கைப்பையைத் திறந்து, இருந்த வெளிநாட்டுப் பணத்தில் பாதியை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"இனிமே துப்பு கிடைச்சா அப்பவே உங்ககிட்ட சொல்லிடறேன் மாப்பிள்ளை."

"நானும் வெடிப்பு வந்தா அப்பவே சொல்லிடறேன் அத்தை."

"எனக்கும் இருக்கு, ரெண்டு காலுலயும்" என்றார் அத்தை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "சொல்லியிருந்தா சேர்ந்தே போயிருக்கலாம்."

செல்போன் அடித்தது. மகள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தாள், விமானம் எப்போது என்று கேட்டாள். பிறகு, ஸ்பீக்கரே தேவையில்லாத குரலில் விஷயத்துக்கு வந்தாள். அவருடைய போன் உறைக்குள் ஒரு நோட்டு வைத்தேனே, அதில் கை வைக்கவில்லையே?

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். அத்தை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மடியில் கிடந்த நோட்டைப் பழைய தடத்திலேயே கட்டம் கட்டமாக மடித்தார். மூலையைக் குறுக்கே செருகினார். அதை மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"தொடவே இல்லடி" என்றார். "மடிப்புகூடக் கலையாம அப்படியே இருக்கு."